எங்கள் அப்பா எந்தப் பக்கம்?



கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தை நீங்கள் அறிவீர்கள். 1957-இல் நாட்டின் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட இடம் அது. 1975 மார்ச்சில், உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் அங்கே நடந்தது. நம் மலேசியாவை எதிர்த்து நின்றது இந்தியா. அன்றைய கூட்டத்தில் பதினான்கு வயதுப் பையனாக நானும் இருந்தேன். அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

அப்பா பால்மரம் வெட்டியவர். ஊர்ப் பேச்சு எடுத்தாலே கண் கலங்கிவிடும். அவர் வைத்திருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமை இல்லாதவர் என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் எத்தனை தோட்டத்துக் குடும்பங்கள் கப்பலேறின என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எங்கள் லயத்திலேயே இரண்டு வீடுகள் காலியாயின. நான் இங்கே பிறந்தவன்; எனக்கு நீலக் கார்டு.

அன்று காலை வெட்டு முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் லோரியில் கிளம்பினோம். வழியெல்லாம் ஒரே வாக்குவாதம்.

"இந்தியா ஜெயிக்கணும். நம்ம ஊருய்யா அது!" என்றார் ஒருவர்.

"சோறு போடுற நாட்டை மறந்துட்டுப் பேசாதீங்க அண்ணே!" என்றார் இன்னொருவர்.

அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேடியத்தில் எள் போட இடமில்லை. நம் அணித் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அவரோடு பூன் ஃபூக் லோக், கைருடின் ஜைனால் என்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே சட்டை போட்டு நின்றார்கள். 2-1 என்று நாம் முன்னணியில் இருந்தபோது, அதுவரை வாய் திறக்காத அப்பா எழுந்து நின்று கத்தினார்: "விடாதே தம்பி! விடாதே!" பக்கத்திலிருந்த மலாய்ப் பெரியவர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இந்தியா அஸ்லம் ஷேர் கானை மாற்று ஆட்டக்காரராக இறக்கியது. பெனால்டி கார்னரில் அவர் அடித்த பந்து வலைக்குள் போனது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொரு கோல் போட்டார். 3-2. இந்தியா வென்றது.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வென்றவர்களுக்கும் கை தட்டினார்.

திரும்பும்போது லோரியில் ஒருவர் சீண்டினார்: "என்ன மாமா, ஜெயிச்சது உங்க ஊருதானே? ஏன் மூஞ்சி தொங்கிப்போச்சு?"

அப்பா சொன்னார்: "ஜெயிச்சவங்களும் நம்ம ஆளுங்கதான். தோத்தது நம்ம புள்ளைங்க. புள்ளைங்க தோத்தாத்தான்யா வயிறு எரியுது."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இறுதி ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. மலேசியாவுக்கு நான்காம் இடம். இன்றுவரை உலகக் கிண்ண ஹாக்கியில் நாம் எட்டிய உயர்ந்த இடம் அதுதான்.

அப்பா குடியுரிமைக்கு மனுப் போட்டார், மறுபடியும் போட்டார். மலாய் மொழிச் சோதனைக்காக என்னிடம் உட்கார்ந்து பாடம் படித்தார். கடைசிவரை கார்டின் நிறம் மாறவில்லை. அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கார்டோடு, அன்றைய ஆட்டத்தின் டிக்கெட் துண்டும் பத்திரமாக இருந்தது.

வாசகர்களே, சிவப்புக் கார்டோடு காலம் தள்ளும் முதியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய பிறப்புப் பத்திரம், பழைய வேலைச் சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். படித்த பிள்ளைகள் அவரோடு கூடப் போய் மனுவை எழுதிக் கொடுங்கள். அவர் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் அப்பா 1975-லேயே பதில் சொல்லிவிட்டார்.