யூல் பண்டிகைக்கு ஒரு விளக்கு போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்டவள். இப்போது அவளைக் கேள்வி கேட்க ஒரு மகள். மகளுடைய தோழி வீட்டார் பேகன் வழியினர். டிசம்பரில் ‘யூல்’ கொண்டாடுகிறார்களாம். “நாமும் கொண்டாடலாமா அம்மா?” என்று குழந்தை கேட்டிருக்கிறது. இவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, “நம்ம பண்டிகைய விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு?” என்று பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?” என்றாள். பிறகு மெதுவாக, “இங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. அவர் நைட் ஷிப்ட் போயிட்டா நானும் குழந்தையும் மட்டும்தான்” என்றாள்.

போனை வைத்த பிறகும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொண்டாடலாம்.

வகுப்பில் டார்ச் லைட்டையும் உலக உருண்டையையும் வைத்து நடத்தியது நினைவிருக்கிறதா? பூமி 23.5 டிகிரி சாய்ந்து சுற்றுவதால், டிசம்பர் 21 அல்லது 22-இல் வடபாதி உலகத்துக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல். நமக்கு அன்றும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உண்டு. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. மறுநாள் முதல் பகல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். வெயிலுக்காக ஏங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! ஸ்டோன்ஹெஞ்சில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அந்நாளில் சூரியன் மறையும் திசையை ஒட்டிப் பெருங்கற்களை நிறுத்தி வைத்தார்கள்.

‘பேகன்’ என்றதும் சிலர் பில்லி சூனியம் என்று பயப்படுகிறார்கள். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். யூல் என்பது வட ஐரோப்பாவின் பழைய நடுக்குளிர்காலப் பண்டிகை. இன்றைய பேகன் வழியினர் செய்யும் சடங்குகளில் பலவும் போன நூற்றாண்டில் வடிவம் பெற்றவை. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். ஆகவே, “முறைப்படி செய்யத் தெரியாதே” என்ற கவலை வேண்டாம்.

சரி, எளிமையாக எப்படிச் செய்வது?

அன்று மாலை இருட்டியதும் வீட்டு விளக்குகளை எல்லாம் பத்து நிமிடம் அணைத்துவிட்டு, குழந்தையோடு சும்மா உட்கார். பிறகு அவள் கையாலேயே ஒரு மெழுகுவர்த்தியோ அகலோ ஏற்றச் சொல். நீ பக்கத்திலேயே இரு. பண்டிகையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அடுப்பங்கணப்பில் பெரிய மரக்கட்டையை எரிப்பார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து வைத்து, அடுத்த ஆண்டுக் கட்டையை அதைக் கொண்டு பற்றவைப்பதும் உண்டு. கணப்பு இல்லாத வீட்டில் சின்னக் கட்டை ஒன்றின் மேல் மெழுகுவர்த்தியை ஆடாமல் நிறுத்தி வைத்தால் போதும். சாம்பிராணி மட்டும் வேண்டாம் தாயே. என் மகன் வீட்டில் நான் போடப்போய், புகை அலாரம் அலறித் தெருவே எட்டிப் பார்த்தது!

பனியிலும் பச்சை மாறாத பைன் கிளை இரண்டு கொண்டுவந்து வை. ஹாலி, மிசில்டோ பழங்களைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். யூ மரம் கடும் விஷம். அதைத் தொடவே வேண்டாம். ஆப்பிள் சாற்றில் பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிக் குடியுங்கள். மறுநாள் சூரிய உதயத்தைச் சேர்ந்து பாருங்கள். அங்கே எட்டு மணிக்குத்தான் உதிக்கும் என்பதால் சோம்பேறிகளுக்கும் சிரமமில்லை.

இதற்காக ஆன்லைனில் எதையும் வாங்காதே. கடைக்காரன் உள்ளே வந்துவிட்டால் பண்டிகை வெளியே போய்விடும்.

ஒன்றை மறக்காதே. தோழி வீட்டாருக்கு அது நம்பிக்கை. அழைத்தால் போ, தெரியாததைக் கேள், மரியாதையாக உட்கார். “இதெல்லாம் எங்ககிட்ட இருந்து போனதுதான்” என்று மட்டும் ஆரம்பிக்காதே. நம் பொங்கல் பந்தியில் உட்கார்ந்து ஒருவர் அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. இதனால் நம் பொங்கல் குறைந்துபோகாது. நாம் உத்தராயணம் என்று தை முதல் நாளில் கொண்டாடுவதும் சூரியன் வடக்கே திரும்புவதைத்தான். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்ல மெல்லத் திசை மாறுவதால் இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. டிசம்பரில் விளக்கேற்றும் குழந்தையிடம், “அதே சூரியனுக்குத்தான் ஜனவரியில் பொங்கல் வைக்கிறோம்” என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்ளும். கணவன் வேலைக்குப் போன வீட்டில், இருட்டில் தனியாக இருக்கிற பெண் ஒரு விளக்கேற்றுகிறாள். அதற்கு நாம் ஏன் தடை சொல்ல வேண்டும்?

ஊரில் இருப்பவர்களுக்கு வீட்டுப்பாடம். டிசம்பர் 21 உச்சிவேளையில் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, பேரப்பிள்ளைகளை நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஆண்டிலேயே நீளமான நண்பகல் நிழல் அன்றுதான். அன்று மாலை அந்த மாணவிக்கு நான் போன் செய்யப் போகிறேன். வெளிநாட்டில் தனியாக இருக்கும் உங்கள் பிள்ளைக்கு நீங்களும் செய்யுங்கள்.

ஆசிகளுடன்,
உங்கள் டீச்சர்