மாடிச் சாவியும் நாலு தக்காளி நாற்றும்



போன வாரம் வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஒரகடத்தில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை நாலரை இருக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பத்தே நிமிடத்தில் காற்று, இடி, சடசடவென்று மழை. ஐந்தரைக்கெல்லாம் ஓய்ந்து, வெயில்கூட எட்டிப் பார்த்தது.

ஜன்னலோரம் நின்றவள் சொன்னாள்: "இந்த ஈரத்துல நாலு தக்காளி நாத்து வெச்சா எப்படிப் பிடிக்கும் அக்கா! மாடிச் சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட இருக்கு. கேட்கத்தான் தயக்கமா இருக்கு."

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் நாற்று நட்டவள் அவள். கணவர் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள், மாடிப் போர்ஷன். அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து மாடித்தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

அவள் ஒருத்தி மட்டுமல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கம்பெனிகள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த ஒரே ஒரு விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க முடியும் என்றால், இந்த ஒரகடம் பக்கம் வந்து குடியேறியவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். கையில் தொழில் இருக்கிறது. மண்தான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதி லே-அவுட்டுகள் பலவும் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்களாக இருந்தவை. எந்த மழைக்கு எதை நடுவது என்று தெரிந்த ஊர் இது.

காய்கறி விலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் அடைமழையோடு தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மறுபடியும் அதே கதை. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது. கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் விளைவது. அங்கே மழையில் செடி அழுகினால் இங்கே நம் வீட்டு ரசம் தண்ணீராகிறது. மாடியில் நாலு செடி இருந்தால் மார்க்கெட்டுக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ரசத்துக்கும் சட்னிக்கும் ஆகும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சும்மா சொல்லவில்லை. ஆடியில் விதைத்தால் ஆவணியில் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. ஆனால் ஆவணியிலும் புரட்டாசியிலும் பகலில் வெயிலும் மாலையில் இடிமழையுமாக ஒரு காலம் வருகிறது பாருங்கள், இளம் நாற்றுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. பகல் வெயிலில் வளரும், சாயங்கால மழையில் வேர் பிடிக்கும். தீபாவளி மழை வருவதற்குள் தண்டு தடித்து, அடிக்கிற மழையைத் தாங்கிக்கொள்ளும். தீபாவளிக்குப் பிறகு ஆசை வந்து நட்டால்? நட்ட மறுநாளே நாற்று தரையோடு படுத்திருக்கும்.

அடைமழையில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் வேரில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். நேற்று வரை பச்சையாக நின்ற செடி, இன்று அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து சாய்ந்துவிடும். நாற்றழுகல் நோய் என்பார்கள். இதை உண்டாக்கும் பித்தியம் என்னும் கிருமி, தேங்கிய நீரில் நீந்தியே பரவக்கூடியது. அதனால் உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வடிகாலைப் பாருங்கள். செடி வளர்க்கும் பையின் அடியில் மட்டுமல்லாமல், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் நாலு ஓட்டை போடுங்கள். தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் நல்லது, மழைக்காலத்தில் அதைக் குறைத்து மணலும் மக்கிய எருவும் கூட்டிக்கொள்ளுங்கள். கலவையோடு ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் உயிர்ப் பூசணக்கொல்லியைக் கொஞ்சம் கலந்தால் அழுகல் பெருமளவு அடங்கும்.

தரையில் நடுபவர்களுக்கு வேறு சிக்கல். புது மனைகளை ரப்பீஸும் கிராவலும் கொட்டித்தான் மேடாக்கியிருப்பார்கள். கடப்பாரை போட்டால் டைல்ஸ் துண்டு வரும். அங்கே குழி தோண்டி நட்டால் அந்தக் குழியே குளமாகிவிடும். செங்கல் அடுக்கி, முக்கால் அடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டி, அதன் மேல் நடுங்கள்.

மழை விட்ட உடனே நடலாமா? ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் நீர் வடிந்தால் ஒரு நாள் பொறுங்கள். சேற்றில் நட்டால் மண் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காது. பிடித்தது உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் அன்று மாலையே நடலாம்.

தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் வயது இருக்கட்டும். நர்சரியில் உயரமாக, வெளிறி நிற்பதை வாங்காதீர்கள். குட்டையாகத் தடித்திருப்பதே பிழைக்கும். தக்காளியை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியை அப்படிப் புதைக்கக் கூடாது. வெண்டை, அவரை, பீர்க்கை, பாகல் இவற்றுக்கு நாற்றே வேண்டாம், விதையை நேராக ஊன்றினால் போதும்.

நட்ட பிறகு செடியைச் சுற்றிக் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்புங்கள். மழைத்துளி விழுந்து தெறிக்கும் மண்ணோடுதான் பல நோய்கள் இலையில் ஏறுகின்றன. நத்தைக்குச் சாம்பல் தூவுவது மழையில் பலிக்காது. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் வழி. பிள்ளைகளிடம் சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள். மாடித்தோட்டத் தொகுப்புகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. இப்போது இருப்பு உண்டா என்றும் அப்படியே விசாரித்துவிடலாம்.

இனி, வீட்டு உரிமையாளர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாடி ஒழுகிவிடும் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. தளத்தில் ஈரம் இறங்கினால் செலவு உங்களுக்குத்தான். ஆனால் பையை நேரே தளத்தில் வைத்தால்தான் அந்தத் தொல்லை. இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ தூக்கி வைத்து, அடியில் தண்ணீர் ஓட இடம் விட்டால் தளம் காய்ந்துகொண்டே இருக்கும். நனைந்த மண் கனம் என்பதால் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைக்காமல் வாரம் ஒருமுறை கூட்டிவிட வேண்டும் என்று ஒப்பந்தமே பேசிக்கொள்ளுங்கள். ஆறு பைக்கு அனுமதி கொடுத்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் மாடியில் விரிசலோ பாசியோ வந்தால் முதல் நாளே உங்கள் காதுக்கு வந்துவிடும்.

குடியிருப்பவர்களும் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். முதலில் ஆறு பை போதும். குழாயடியில் மண் கரைத்து ஊற்றாதீர்கள். முதல் காய்ப்பில் ஒரு பை கத்தரிக்காயைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்று நான் கிளம்பும்போது தங்கையையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். உரிமையாளர் அம்மா வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். இருவருமாக விஷயத்தைச் சொன்னோம். சற்று யோசித்தவர், "ஆறு பைக்கு மேல வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தார். பிறகு, "முடிஞ்சா ஒரு பையில எனக்குக் கொஞ்சம் அரைக்கீரை போடு" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்