கிண்ணத்தில் எல்லாம் உண்டாம்!

நுங்கம்பாக்கம், அண்ணா நகர், அடையாறு, பழைய மகாபலிபுரம் சாலை என்று சென்னையில் எங்கு திரும்பினாலும் இப்போது 'ஹெல்தி பவுல்' கடைகள். சிவப்பரிசியா, தினையா, குயினோவாவா என்று முதலில் அடியில் போடுவதைச் சொல்ல வேண்டும். அதன் மேல் புரதம்: பனீர், டோஃபு, கொண்டைக்கடலை, முட்டை, கோழி, கொஞ்சம் பெரிய கடையென்றால் சால்மன். பிறகு காய், விதை, சாஸ். கலோரிக் கணக்கைப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் கிண்ணத்தை நீங்களே முடிவு செய்யலாம் என்பதுதான் இந்தக் கடைகளின் பெருமை.

இவற்றை வெறுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. பந்தியில் யார் முதலில் உட்காருவது, யார் பரிமாறுவது, யார் வெளியே காத்திருப்பது என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் நம்மில் ஏராளம். 'நீ யார், எந்தத் தெரு' என்று கேட்காமல் காசை வாங்கிக்கொண்டு கிண்ணத்தை நீட்டும் கடை அவர்களுக்குச் சின்ன ஆறுதல்தான். இரட்டைக் குவளையை இன்னும் முழுதாக ஒழிக்காத மாநிலத்தில் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் அந்தப் புரத வரிசையை இன்னொரு முறை பாருங்கள். நார்வேயில் வளர்ந்த மீனுக்கு இடம் இருக்கிறது. புளியந்தோப்பில் அன்றாடம் சமைக்கப்படும் மாட்டுக்கறிக்கு இடம் இல்லை.

அவர்களுடைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. பனீரில் அதைவிடச் சற்றுக் குறைவு, கொழுப்போ சில மடங்கு அதிகம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கீரையில் உள்ள இரும்புச்சத்தைவிடச் சிவப்பு இறைச்சியில் உள்ளதை உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. விலையிலும் அது ஆட்டுக்கறியில் பாதிகூட வராது. தமிழ்நாட்டில் மாட்டிறைச்சியை விற்கவோ உண்ணவோ சட்டத் தடையும் கிடையாது. அளவாகச் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், சரி. சாஸில் ஊற்றும் தேனுக்கும் அதே எச்சரிக்கை உண்டு. ஆக, பட்டியலிலிருந்து மாட்டுக்கறியை நீக்கியது ஊட்டச்சத்து அறிவியல் இல்லை. 'சுத்தம்' என்ற பழைய கணக்குதான் 'ஆரோக்கியம்' என்று பெயர் மாற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது.

"வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள்" என்பது கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். எந்த வாடிக்கையாளர்? 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள். இவர்கள் எல்லோரும் மாட்டுக்கறி தின்பவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தின்பவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று யார் சொன்னது? பல இடங்களில் சிக்கல் வாடிக்கையாளருக்கு முன்பே, கட்டட உரிமையாளரிடமே தொடங்குகிறது. 'சைவம் மட்டும்' என்று வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், கடைக்கு இடம் விடும்போது மட்டும் சமத்துவவாதிகள் ஆகிவிடுவதில்லை.

அரசு நடத்தும் விழாக்களிலும் இதே கதைதான். 2022 மே மாதம் ஆம்பூரில் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் முதலில் அது இல்லை. கேள்வி கேட்ட பிறகு கடைகள் வந்தன. அங்கு வரிசையில் நின்று வாங்கித் தின்றவர்களைப் பார்த்து யாரும் முகம் சுளித்து ஓடவில்லை.

கேட்டால் மாறும் என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை. இரயில் நிலைய உணவகங்களில் 'பிராமணாள்', 'இதராள்' என்று இருந்த பிரிவினை 1941இல் ஒழிந்தது கேட்டதால்தான். 1957 மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். மாதக்கணக்கில் தோழர்கள் சிறை சென்றார்கள். 1958இல் பெயர் மாறியது. இன்றைக்குப் பலகையில் அந்தச் சொல் தேவையில்லை, பச்சைப் புள்ளி போதும். 2024 மார்ச்சில் ஜொமாட்டோ 'சுத்த சைவ' உணவுக்கென்று பச்சைச் சீருடையில் தனி ஊழியர் படையை அறிவித்து, எதிர்ப்பு வெடித்ததும் மறுநாளே சீருடையைக் கைவிட்டதே, நினைவிருக்கிறதா?

இந்தப் பக்கம் சிறுதானியத்தின் கதை. 'கூழுக்கு வழியில்லாதவன்', 'களி தின்கிறவன்' என்றெல்லாம் கேழ்வரகையும் கம்பையும் வைத்து உழைக்கும் மக்களை இழிவுபடுத்திய வாய்கள், ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் 'சூப்பர்ஃபுட்' என்கின்றன. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது நம் பாட்டிகளின் எலும்புக்கு எப்போதோ தெரியும். அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். தருமபுரி விவசாயி விளைவித்த அதே தானியம் கிண்ணத்தில் ஏறி முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கும்போது, தானியம் மட்டும் உயர்கிறது. அதைத் தின்று வளர்ந்தவரின் கருவாடும் கறியும் இன்னும் 'நாற்றம்' என்ற பட்டியலிலேயே கிடக்கின்றன.

சேர்ந்து உட்கார்ந்து தின்பதால் மட்டும் சாதி ஒழியாது என்று 1936லேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் சொல்லிவிட்டார். சமபந்தி உண்ணும் சாதிகளுக்குள்ளும் சாதி உணர்வு சாகவில்லை என்பது அவரது வாதம். எனவே கிண்ணத்தில் மாட்டுக்கறி விழுந்துவிட்டால் புரட்சி வந்துவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் தன் வீட்டு உணவை அலுவலகத்தில் திறக்கத் தயங்கி, மதிய இடைவேளையில் பனீர் கிண்ணத்தை வாங்கித் தின்று 'நானும் உங்களில் ஒருத்திதான்' என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த முறை போகும்போது கல்லாவில் நிற்கும் தம்பியிடம் சண்டை போடாதீர்கள், பட்டியலைத் தயாரித்தது அவர் இல்லை. அவருக்கு மதியச் சாப்பாடு என்ன கிடைக்கிறது, உட்கார நாற்காலி உண்டா, பார்சலுக்காக வெயிலில் நிற்கும் டெலிவரி தோழருக்குக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: புரத வரிசையில் மாட்டுக்கறியைச் சேர்ப்பீர்களா, இல்லையென்றால் காரணம் என்ன, வாடகை ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருக்கிறதா? வரும் பதில்களை எங்களுக்கும் அனுப்புங்கள் தோழர்களே, தொகுத்து வெளியிடுகிறோம்.