காபிப் பழம் பறிக்கிற கை, பட்டாவில் எங்கே?



கே.கே. நகர் ஆர்ச்சுல இருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் எத்தனை காபிக் கடை! டம்ளருக்கு 2 ரூபாய் ஏறினா அன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடுது. பழத்தைப் பறிச்ச பெண்ணுக்கு அதுல என்ன போச்சுன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை.

காபி நமக்குத் தூரத்துல விளையலை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. நிழல் மரங்களுக்கு அடியில் காபி, கூடவே மிளகு, மலைவாழை. மார்கழி, தை குளிரில் பழம் பறிக்கிறது பெரும்பாலும் பெண்கள்தான். சிவந்த பழமாப் பார்த்துப் பறிக்கணும். காய் கலந்தால் ருசி போச்சு. 5, 6 கிலோ பழம் பறிச்சாத்தான் 1 கிலோ கொட்டை தேறும். அதுல கறுப்பும் உடைசலும் பொறுக்கித் தரம் பிரிப்பதும் பெண்கள் வேலையே.

கூலிக்குப் போகிறவர்கள் நிலை ஒருபுறம். சொந்தக் குடும்பத் தோட்டத்தில் நாள் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கும் ‘விவசாயி’ என்ற பெயர் கிடைப்பதில்லை. பட்டா வீட்டுக்காரர் பேர்ல. அதனால கடன், மானியம், விற்ற பணம் எல்லாம் அவர் பேர்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடி நிலக் கணக்குகள் 100-ல் பெண்கள் பேரில் இருந்தது சுமார் 14 மட்டுமே.

இதை மாற்ற முடியுமா? மாற்றிக் காட்டியிருக்காங்க. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 2003-ல் 464 பெண் விவசாயிகள், ஆண்கள் விளைச்சலோடு கலக்காமல் தங்கள் காபியைத் தனியாகவே விற்பது என்று முடிவெடுத்தார்கள். ‘கஃபே ஃபெமெனினோ’ என்ற பெயரில் அது வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. விற்ற பணம் நேராகப் பெண்கள் கைக்கு வந்தது.

நம்ம நீலகிரியைப் பாருங்க. ‘ஆதிமலை பழங்குடியினர்’ உற்பத்தியாளர் நிறுவனம் 2013-ல் தொடங்கியது. தேன், காபி, மிளகை ஆதிவாசி மக்களே பதப்படுத்தி விற்கிறார்கள். பங்குதாரர்களும் அவர்களே. 2021-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு இவர்களைத் தேடி வந்தது.

“பொம்பளைங்க சங்கம் நடத்துவாங்களா?” என்று கேட்பவர்கள், அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை மறந்துட்டாங்க. கூலி வேலை செஞ்சவர், களஞ்சியம் குழுக்களைக் கட்டி எழுப்பினார். 2001-ல் டெல்லியில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. சங்கம் நடத்தும் திறமைக்கு மதுரைப் பெண்களிடம் பஞ்சமில்லை. அவங்க பேர்ல நிலமும் கணக்கும் இல்லாததுதான் குறை.

ஆகவே நாம் கேட்பது மூன்று:

1. குடும்ப நிலத்தில் கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா. 2006 வன உரிமைச் சட்டம் 4(4) பிரிவு தம்பதிக்கு இதைத்தான் சொல்கிறது. காட்டு நிலத்துக்குச் சரியான நியாயம், மற்ற நிலத்துக்கு மட்டும் ஆகாதா?

2. கீழ்ப்பழனி மலையில் பெண்கள் காபிக் கூட்டுறவு. பட்டா இல்லாவிட்டாலும் சாகுபடி செய்கிற பெண்ணுக்கு உறுப்பினர் அட்டை. பால் சொசைட்டி மாதிரி, ஊத்துறவங்க கணக்குக்கே பணம்.

3. அந்தக் காபித்தூள் மதுரைக் கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் ஆவின் பாலகங்களிலும் விற்பனைக்கு வரணும். சந்தை இல்லாத சங்கம் இரண்டு வருஷம்கூடத் தாங்காது.

மகளிர் தினத்துக்கு வாழ்த்து அட்டை போடுறது சுலபம். பட்டாவுல ஒரு பேரைச் சேர்க்கிறதுதான் அரசியல். அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்வியை நம்ம ஆட்கள் எழுப்பணும். தீர்மானமாப் பதிவு செய்ய வைக்கணும்.

படிச்சுட்டுப் போயிடாதீங்க. மலையில சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க.