மஞ்சப்பைக்குள்ள நாற்பது ஜாதகம்

எங்க ஊர் வாலிபால் கிளப்புக்கு ஆபீஸ் எது தெரியுமா பாஸ்? செயலாளர் அண்ணனோட ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில கிடக்கிற மஞ்சப்பை. ஜவுளிக்கடை விளம்பரம் போட்ட அந்தப் பைக்குள்ள நாற்பது பேரோட ஆதார் ஜெராக்ஸ், பர்த் சர்டிபிகேட், ஸ்கூல் போனஃபைட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரத்த வகை, அப்பா போன் நம்பர்... கல்யாணத் தரகர்கிட்டகூட இவ்வளவு டீட்டெய்ல் இருக்காது.

இதெல்லாம் தமாஷாகத்தான் இருந்தது, ஒரு டோர்னமென்ட் வரைக்கும்.

பொண்ணுங்க டீம் லிஸ்ட்டை அண்ணன் அழகா டைப் அடிச்சு, போட்டோ எடுத்து, கிளப் வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். பேர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் வரிசையா. அன்னிக்கு ராத்திரியே ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ணுக்கு மிஸ்டு கால் ஆரம்பிச்சிடுச்சு. மறுநாள் 'ஹாய்'. அதுக்கடுத்த நாள் வீடியோ கால். நாலாவது நாள் அவங்க அப்பா கிரவுண்டுக்கு வந்தார். சத்தம் போடலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, எம்பொண்ணு நம்பர் இப்ப யார் யார்கிட்ட இருக்கு?"

அண்ணனால பதில் சொல்ல முடியலை. குரூப்ல மொத்தம் 212 பேர். பழைய பிளேயர்கள், ஸ்பான்சர், ரெஃப்ரி, எப்பவோ ஒரு ஃபைனலுக்கு மைக்செட் போட்டவர், அவரோட மச்சான். இதுல யார் எங்கே ஃபார்வர்ட் பண்ணினாங்கன்னு அந்த முருகனுக்கே வெளிச்சம். அந்தப் பொண்ணு பிராக்டீஸுக்கு வர்றதை நிறுத்திட்டா. நல்ல செட்டர். செட்டர் இல்லாத டீம் என்ன ஆகும்னு வாலிபால் ஆடினவங்களைக் கேளுங்க.

'டேட்டா செக்யூரிட்டி'ன்னு சொன்னா நமக்குப் பெரிய இடத்துச் சமாச்சாரம்தான் ஞாபகம் வரும். 2016ல உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போட டேட்டாபேஸுக்குள்ள 'ஃபேன்ஸி பியர்ஸ்' கும்பல் புகுந்து, சிமோன் பைல்ஸ், செரீனா வில்லியம்ஸ் மாதிரி பிளேயர்களோட மருத்துவ விவரங்களை ஊருக்கே காட்டினது. அந்தக் கோட்டையையே எப்படி உடைச்சாங்க தெரியுமா? போலி மெயில் அனுப்பி, பாஸ்வேர்டைக் கறந்துதான். நம்ம கிளப்புக்கு அவ்வளவு மெனக்கெடவே வேண்டாம். கிளப் ஜிமெயிலோட பாஸ்வேர்ட், கிளப் பேரும் ஆரம்பிச்ச வருஷமும். ரெண்டும் ஜெர்ஸி முதுகுலேயே பிரின்ட் ஆகியிருக்கு!

இன்னொரு கூத்து ஜெராக்ஸ் கடையில. பிரின்ட் எடுக்கணும்னா என்ன பண்றோம்? கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்து, நாற்பது ஆதாரையும் டவுன்லோட் பண்ணி, பிரின்ட் எடுத்து, டீ குடிக்கப் போயிடறோம். லாக்-அவுட் பண்றதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யாரும் துடைக்கிறதும் இல்லை. கடைக்காரர் நல்லவர்தான், நான் குறை சொல்லலை. ஆனா அவருக்கு அடுத்து அந்தச் சேர்ல உட்கார்றவர் யாருன்னு நமக்குத் தெரியுமா?

'சின்ன கிளப்தானே, யார் கேட்கப் போறா'ன்னு அண்ணன் இழுத்தார். கேட்க ஆள் வந்தாச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லயே நிறைவேறிடுச்சு. அதோட விதிமுறைகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் டைம் கொடுத்து. அந்தச் சட்டப்படி 18 வயசு ஆகாதவங்க எல்லாரும் குழந்தைகள். அவங்க விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேணும். நம்ம டீம்ல முக்கால்வாசிப் பேர் அந்தக் கணக்குதான். சட்டத்தை விடுங்க, அந்த அப்பா கேட்ட கேள்விக்கே நம்மகிட்ட பதில் இல்லையே!

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை, மேட்ச் முடிஞ்சதும் மாஸ்டர், அண்ணன், நாங்க நாலு பேர்னு வேப்பமரத்தடியில உட்கார்ந்தோம். முதல் வேலை, குரூப்பைப் பிரிச்சோம். இப்ப ஆடற பசங்க பொண்ணுங்க நம்பர் பொதுக் குரூப்ல இல்லை. தகவல் சொல்ல வாட்ஸ்அப் கம்யூனிட்டி அறிவிப்புக் குரூப். அதுல இருக்கிறவங்களுக்கு மத்தவங்க நம்பர் தெரியாது, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு ஆகாத பிளேயருக்கு பெற்றோர் நம்பரைத்தான் வாங்கறது. லிஸ்ட் ஒட்டினா பேரும் ஜெர்ஸி நம்பரும் மட்டும், பிறந்த தேதி கூடாது.

ஆதார் விஷயத்துல பெரிய வாக்குவாதம். வயசுக்கு புரூஃப் பர்த் சர்டிபிகேட்தானே, ஆதார் எதுக்குன்னு மாஸ்டர் கேட்டார். யாருக்கும் தெரியலை. 'எப்பவும் வாங்கறோம்', அவ்வளவுதான்! போட்டி நடத்தறவங்க கட்டாயம் கேட்டா, மாஸ்க்டு ஆதார் கொடுக்கறதுன்னு முடிவாச்சு. ஆதார் ஆணையத்தோட வெப்சைட்லயே டவுன்லோட் பண்ணலாம். முதல் எட்டு எண் மறைஞ்சு கடைசி நாலு எண்தான் தெரியும். ஜெராக்ஸ் மேல 'இன்ன டோர்னமென்ட்டுக்கு மட்டும்'னு குறுக்கே எழுதிடறது. சர்டிபிகேட்டைப் பார்த்துட்டு, 'சரிபார்த்தாச்சு'ன்னு நோட்டுல குறிச்சு, அங்கேயே திருப்பிக் கொடுத்திடறது.

ஜிமெயில்தான் கழுத்தறுப்பு. பாஸ்வேர்ட் மாத்தலாம்னு பார்த்தா ரெக்கவரி நம்பர் முந்தின செயலாளரோடது. அவர் இப்ப துபாய்ல. மூணு நாள் அலைஞ்சு அவரைப் பிடிச்சு, ஓடிபி வாங்கி, புது பாஸ்வேர்ட், டூ-ஸ்டெப் எல்லாம் போட்டோம். பொறுப்பு மாறினா சாவிக்கொத்து, பந்து, நெட்டோட பாஸ்வேர்டும் கைமாறணும்னு மினிட் புக்ல எழுதியாச்சு. அந்த நோட்டுல விளையாட்டைப் பத்தி இல்லாத முதல் தீர்மானம் இதுதான்.

அப்புறம் மஞ்சப்பையைக் கவிழ்த்தோம். ரிட்டயர் ஆன பிளேயர், கல்யாணமாகிப் போன பிளேயர், போலீஸ்ல சேர்ந்த பிளேயர்... நடுவுல என்னோட பத்தாவது ஹால் டிக்கெட் ஜெராக்ஸ்! அதை வெச்சு இத்தனை வருஷமா கிளப் என்ன பண்ணிச்சுன்னு தெரியலை. எல்லாத்தையும் பொடிப்பொடியாக் கிழிச்சோம். சும்மா தூக்கிப் போட்டா நாளைக்கு பஜ்ஜிக் கடைப் பொட்டலத்துல அம்மா பேரோட வந்து நிக்கும்.

மறுநாள் அண்ணனும் மாஸ்டரும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனாங்க. பொண்ணுக்குப் புது சிம் வாங்கியிருந்தாங்க. பழைய நம்பருக்கு வந்த தொல்லையை 1930க்கு போன் பண்ணி, சைபர் க்ரைம்ல புகார் கொடுத்தாச்சாம். அப்பா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

"புது நம்பர் எங்ககிட்ட இல்லைங்க. உங்க நம்பர்தான், ரெண்டு பேர்கிட்ட இருக்கு. நான், மாஸ்டர்"னு அண்ணன் சொன்னார்.

"யோசிச்சு சொல்றேன் தம்பி"ன்னு அனுப்பிட்டார்.

இதுல ஒரு விஷயம் அவர்கிட்ட சொல்லலை. போன வருஷ லிஸ்ட் மொத்தமும் இருந்த பென்டிரைவை இன்னும் காணோம். மேட்ச் வீடியோ காப்பி பண்ணணும்னு யாரோ வாங்கிட்டுப் போனாங்களாம். யாருன்னு அண்ணன் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கார்.