வெள்ளை நிறம் மட்டும் போதுமா?

விலை உயர்ந்த வேட்டைத் துப்பாக்கியிலும் கோளாறு வரும். அமெரிக்காவின் "ரெமிங்டன் 700" துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது. அதன் விசையில் குறை இருந்தது. எதிர்பாராமல் வெடிக்கலாம் என்று 2014-ம் ஆண்டு கம்பெனியே அவற்றைத் திரும்ப வாங்கிச் சரி செய்ய முன்வந்தது.

துப்பாக்கிக்கு ஒரு நியாயம், வேட்டை நாய்க்கு வேறு நியாயமா?

தபால் தலையில் நாய்

ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர் போனது. 2005-ம் ஆண்டு தபால் தலையிலும் இடம் பெற்றது.

1972-ம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் ஆனது. 2021-ல் புலிகள் காப்பகமும் ஆனது. வேட்டைக்குப் போன நாய் இன்று வீட்டையும் தோட்டத்தையும் காக்கிறது.

நிறத்தில் உள்ள குறை

பால் போன்ற வெள்ளை நிறத்துக்குத்தான் மதிப்பு. ஆனால் நிறம் தரும் அணுக்கள் உள்காதில் இல்லாவிட்டால் குட்டி செவிடாகும். காவல் நாய்க்குக் காது கேட்க வேண்டாமா?

வாங்குகிறவர்கள் குட்டியைத் தனியே விட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. கால்நடை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

விற்கிறவர்கள் செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. குறையை மறைக்கவும் கூடாது. செவிட்டுக் குட்டியைத் தெருவில் விடுவது பாவம். கை ஜாடை காட்டிப் பழக்கினால் அதுவும் சொன்னபடி கேட்கும்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து விடலாம். வீட்டுக் குழந்தைகளோடு பழகிய நாயை எப்படித் திருப்பிக் கொடுப்பது?