புறப்படுமுன் எழுதி வைக்க வேண்டிய தாள்

1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள். 'டூர் டி பிரான்ஸ்' என்னும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தது. வெல்லக்கூடியவர் எனக் கருதப்பட்ட யூஜீன் கிறிஸ்தோஃப் என்பார் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயைத் தாண்டி இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்துபோயிற்று. அந்நாளைய விதிப்படி எவரும் அவருக்கு உதவலாகாது. வேறு வண்டியும் கொடுக்கலாகாது. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரச் சிற்றூர் ஒன்றின் கொல்லன் பட்டறையை அடைந்தார். நடுவர்கள் பார்த்து நிற்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். இளமையில் பூட்டுத் தொழில் கற்றிருந்தது அன்று கைகொடுத்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அதிலேயே கழிந்தது. அவருடைய இரு கைகளும் வேலையில் இருந்தமையால் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான். அந்தச் சிற்றுதவிக்கும் நடுவர்கள் தண்டனை நேரம் விதித்தார்கள்!

விதி கொடிது என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்னர் அந்தப் பந்தயமே அதனைக் கைவிட்டது. இன்று வீரர்களின் பின்னால் மாற்று வண்டிகளை ஏற்றிக்கொண்டு மோட்டார்கள் வருகின்றன. ஆனால் கைவிடப்பட்ட அந்தப் பழைய விதியைத் தாமாகவே விரும்பி மேற்கொள்ளும் ஆடவரும் பெண்டிரும் நம் காலத்தில் இருக்கின்றனர். மத்திய ஆசியாவிலுள்ள கிர்கிஸ்தான் நாட்டில் 2018ஆம் ஆண்டு நெல்சன் ட்ரீஸ் என்பவர் தொடங்கிய 'பட்டுப்பாதை மலைப் பந்தயம்' அவ்வகையைச் சேர்ந்தது. தியான்ஷான் மலைகளினூடே, தொடக்கத்தில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்; பெரும்பகுதி கல்லும் மண்ணுமான வழி. சில கணவாய்கள் 4,000 மீட்டரை நெருங்குகின்றன. முதலாண்டில் வென்ற அமெரிக்கரான ஜே பீட்டர்வரி ஒன்பது நாட்களுக்குள் முடித்தார். புறப்பட்டவர்களுள் பெரும்பாலோர் முடிக்கவேயில்லை. வழியிலுள்ள கடையிலோ விடுதியிலோ எவரும் பணம் கொடுத்துப் பெறக்கூடியதைப் பெறலாம். நண்பர் ஒருவர் உணவோடு காத்திருத்தல் கூடாது. முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றுக்கு மறைவு தேடுதலும் கூடாது.

இத்தகைய பயணத்திற்கு ஆயத்தம் என்றால் கால்களை வலுப்படுத்துவது என்றே பலரும் எண்ணுவர். அது வேண்டியதே, ஆனால் அதுவே எளிய பகுதி. ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தால் கால்கள் பழகிவிடும். உயரம் அவ்வாறு பழக்கத்திற்கு எளிதில் இணங்குவதில்லை. 4,000 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கடல் மட்டத்தில் கிடைக்கும் உயிர்வளியில் ஐந்தில் மூன்று பங்களவே கிடைக்கிறது. 2,500 மீட்டருக்கு மேலே தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியன தோன்றக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துக என்று மருத்துவர்கள் கூறுவார்கள். பந்தயத்தில் ஓடுபவர் இதனை எங்ஙனம் கடைப்பிடிப்பார்? ஆகவே, வசதியுள்ளவர் ஒன்றிரண்டு வாரம் முன்னரே சென்று, உயர்ந்த இடங்களில் தங்கி உடலைப் பழக்குகின்றனர். வசதியில்லாதவர், முதல் நாட்களில் கணவாயைக் கடந்து தாழ்ந்த இடத்திற்கு இறங்கியபின் உறங்குமாறு திட்டமிடுகின்றனர்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். தலைநகரான பிஷ்கேக் ஆகஸ்டில் வெயிலால் காயும். அதே நாளில் மேலே கணவாயில் பனி பெய்யலாம். குளிரின் கொடுமை ஏறும்போது தெரிவதில்லை. வியர்க்க வியர்க்க ஏறி, உச்சியில் ஈர உடையோடு நின்று, பின் மிதிக்காமலே பல கிலோமீட்டர் இறங்கும்போதுதான் விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடிக்கவும் இயலாமற் போகிறது. உச்சியை அடைந்ததும் உலர்ந்த சட்டையும் இறகடைத்த மேலங்கியும் அணிந்துகொண்ட பின்னரே இறங்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் முதற்பாடம். அந்த மேலங்கி பையின் அடியிலே கிடந்தால் யாது பயன்? பையைக் கட்டும் முறையும் ஆயத்தத்தில் சேர்ந்ததே.

பொருள்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டியூப் இல்லாமல் பசைநீர் ஊற்றிய டயர், இருந்தும் மாற்று டியூப் ஒன்று, கிழிந்த டயரைத் தைக்க ஊசியும் தடித்த நூலும், செயின் கண்ணி, பிரேக் கட்டை, நீரை வடிகட்டும் கருவி. மேல்நிலங்களில் கோடையில் ஆடுகளும் குதிரைகளும் மேய்வதால், ஓடைநீர் தெளிவாய்த் தோன்றினும் வயிற்றைக் கெடுக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டே மணிக்கணக்கில் நடக்க நேரிடும் என்பதால் நடப்பதற்கேற்ற காலணி அவசியம். பனியாற்று ஓடைகள் பிற்பகலில், பனி உருகிப் பெருகும். விடியலிலேயே கடப்பது நன்று. இவற்றையெல்லாம் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. மழை பெய்யும் இரவில், நனைந்த கையுறையோடு, சிறு விளக்கொளியில் ஒருமுறையேனும் பஞ்சர் ஒட்டிப் பார்க்க வேண்டும். கிறிஸ்தோஃப் மலையடிவாரத்திலா கொல்லுத் தொழில் கற்றார்?

இனி, நாம் பெரிதாகக் கருதும் ஒன்றைக் கூறுவோம். உறக்கமும் உணவும் குறைந்து, உயிர்வளியும் குறைந்த இடத்தில், முதலில் கெடுவது கால் அன்று; மதிப்பிடும் ஆற்றலே. தள்ளாடி நடப்பவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுபவர், "அடுத்த ஊர்வரை போய்விடுகிறேன்" என்பார். முன்னது மூளையில் வீக்கத்தின் அறிகுறியாகவும், பின்னது நுரையீரலில் நீர் கோத்தலின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறங்குவதுதான். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டிய அறிவுதான் அப்போது மங்கியிருக்கிறதே! ஆதலால், தெளிந்த மனத்தோடு வீட்டில் இருக்கும்போதே, இன்ன இன்ன நேர்ந்தால் நிற்பேன், இன்னது நேர்ந்தால் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். தள்ளாட்டம் கண்டால் இறங்குவேன். ஓய்விலும் மூச்சுத் திணறினால் இறங்குவேன். நடுக்கம் நிற்காவிட்டால் கூடாரம் அடிப்பேன். மலைமேல் நிற்கும்போது இவற்றை மறுபடி விவாதிக்கலாகாது. பந்தயத்திற்குக் கொடுத்த பணமும், எடுத்த விடுமுறையும், ஊராரிடம் சொன்ன சொல்லும் அவ்வேளையில் வாதாட வரும். அவற்றிற்கு விடை அத்தாளில் இருக்க வேண்டும்.

அத்தாளின் மற்றொரு படி வீட்டில் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இதனைப் பலரும் செய்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு கருவியைக் கட்டிச் செல்கின்றனர். அது செயற்கைக்கோள் வழியாக அவர் இருக்குமிடத்தை அறிவிக்கும். உலகின் எம்மூலையிலிருந்தும் தேசப்படத்தில் அவரை ஒரு புள்ளியாகக் காணலாம். தாயோ மனைவியோ நள்ளிரவில் எழுந்து பார்க்கிறாள். 3,700 மீட்டர் உயரத்தில் புள்ளி அசையாமல் நிற்கிறது. ஒரு மணி நேரம், இரண்டு, ஐந்து. உறங்குகிறானா? விழுந்துவிட்டானா? மின்கலம் தீர்ந்ததா? செங்குத்தான பள்ளத்தாக்கில் வானம் மறைந்து கருவியின் செய்தி வராமல் இருக்கிறதா? புள்ளி ஒன்றும் சொல்லாது. போகிறவன் தன் துன்பத்தைத் தானே தேர்ந்துகொண்டான். காத்திருப்பவள் அதனைத் தேர்ந்துகொள்ளவில்லை. ஆயத்தத்தின் இப்பகுதியைச் செய்யாமல் புறப்படுவதை நாம் துணிவென்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆகவே தாளில் இவையும் இடம்பெற வேண்டும்: இரவில் சில மணி நேரம் புள்ளி நின்றால் அது உறக்கம், பகலில் இத்தனை மணிக்கு மேல் நின்றால் பந்தய அமைப்பாளரின் இந்த எண்ணுக்குச் சொல்லலாம். கருவியில் அபாயப் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் மீட்புப் பணியாளருக்குச் செய்தி போகும், ஆனால் மலையில் வானிலை கெட்டிருந்தால் அவர்கள் வந்துசேர மணிக்கணக்காகலாம், ஒரு நாளும் ஆகலாம். காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த உயரம்வரை மீட்புச் செலவை அது ஏற்கும் என்பதையும் குறிக்க வேண்டும். பல பத்திரங்கள் உயரத்திற்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. வாங்குமுன் படித்துப் பார்ப்பவர் சிலரே. கடைசியாக, தொலைபேசி கிடைக்கும் ஊர்களின் பெயர்களையும், அவற்றை எந்த நாளில் அடையக்கூடும் என்பதையும் எழுதுக. நாளைக் குறிக்கும்போது உண்மையான மதிப்பீட்டோடு ஒரு நாளைக் கூட்டியே எழுதுக.